மிச்சத்துக்கு ஒரு குழி

அந்த யோசனை முதலில் எனக்கு வந்தது ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், ஒரு முந்திரிக் காட்டில், பசியோடு நின்றுகொண்டிருந்தபோது.

கல்லூரித் தோழன் ஒருவனின் குலசாமிக்கு ஆடியில் கிடாவெட்டு. பங்காளிகள் எல்லாரும் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கியிருந்தார்கள். அங்கேயே வெட்டி, கல் கூட்டிச் சமைத்து, படையல் போட்டு, இலை விரித்து உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். சாமிக்குப் படைத்த சோற்றைத் தொடக்கூடாது என்று சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். தோழனின் அப்பா கையில் இலையோடு வந்து, "ஏன் தம்பி நிக்கிறீங்க? வெறும் ரசஞ்சோறாவது சாப்டுங்க" என்றார். "வயிறு சரியில்லீங்க" என்றேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கறி வாசனையில் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் அண்டாவின் அடியில் கறி கிடந்தது. தோழனின் சித்தி தூக்குவாளியோடு குனிந்தார். பூசாரி ஓடி வந்தார்.

"எம்மா, என்னா பண்ற? இங்க வெட்டுனது இங்கயே தீரணும். வூட்டு வாசப்படி ஏறக்கூடாது."

"இவ்வளத்தையும் என்னாங்க பண்றது?"

"ரோட்டுல போறவனக் கூப்புடு. லாரிய நிறுத்து. அப்பயும் மிச்சம் இருந்தா குழி தோண்டிப் பொதச்சிரு. வூட்டுக்கு மட்டும் ஆவாது."

தோழனும் அவன் மாமனும் ரோட்டுக்கு ஓடி, சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரி ஒன்றை மறித்து, டிரைவரையும் கிளீனரையும் இழுத்துவந்து இலையில் உட்காரவைத்தார்கள். நீ யார், எந்த ஊர் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. குறைந்தபட்சம் என் காதில் விழவில்லை.

இது எனக்குத் தெரிந்த சட்டம். எங்கள் வேதத்தின் பழைய பாகத்தில், யாரும் பிரசங்கம் செய்யாத பக்கங்களில், இதே சட்டம் இருக்கிறது. அந்தக் காலத்து இஸ்ரவேலர் நன்றிக்காக ஒரு ஆட்டையோ மாட்டையோ பலியிட்டால், கொழுப்பு பீடத்தில் எரியும், மார்க்கண்டம் என்கிற நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆசாரியனுக்குப் போகும், மீதியெல்லாம் கொண்டுவந்தவனுக்கு. ஆனால் அவன் அதை அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். விடியும்வரை வைக்கக்கூடாது. பொருத்தனைப் பலி, அதாவது நேர்ந்துகொண்டது என்றால், மறுநாள்வரை தவணை உண்டு. மூன்றாம் நாள் மிஞ்சியது நெருப்புக்கு.

சிறுவயதில் இதைப் படித்தபோது கெட்டுப்போகும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முந்திரிக் காட்டில், அந்த லாரிக்காரர்கள் எலும்பைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வேறு மாதிரித் தோன்றியது. ஒரு குடும்பம் ஒரு மாட்டை ஒரே நாளில் தின்ன முடியாது. உப்புக்கண்டம் போட்டு வைக்கவும் வழியில்லை. அப்படியானால் தெருவைக் கூப்பிட்டே ஆகவேண்டும்: விதவையை, திக்கற்ற பிள்ளையை, அந்நியனை, ஆலய ஊழியத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட, நிலமில்லாத லேவியனை. பகிர்ந்து கொடு என்று வாயால் சொன்னால் மனிதன் கேட்கமாட்டான் என்று தெரிந்த யாரோ, பதுக்கிவைக்கவே முடியாதபடி சட்டம் போட்டிருக்கிறார்கள். பஸ்கா பண்டிகையிலும் அதுதான். ஆட்டுக்குட்டி ஒரு வீட்டுக்கு அதிகம் என்றால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள். காலைவரை எதையும் மீதி வைக்காதே.

அரியலூர் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்து, மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டப்பட்டிருந்த சமயம் அது. சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, விண்ணப்பங்களில் எந்த மாவட்டத்தை எழுதுவது என்று விசாரித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போதே டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எல்லாப் பலிகளையும் கட்டம் போட்டுப் பிரித்தேன். யார் கொண்டுவருவது, எது எரிவது, யார் தின்பது, எதற்குள் தின்பது. மூன்று நாள் வேறு வேலையே ஓடவில்லை. "பரீட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் வேலைல இருந்திருப்ப" என்றாள் அம்மா.

எங்கள் கோவிலைப் பற்றிச் சொல்லவேண்டும். சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். அரியலூருக்கு வெளியே இருந்த சின்னக் கோவில். வலப்பக்கம் பெஞ்சுகளில் எங்களைப்போல வாத்தியார் குடும்பங்கள், ரயில்வேக்காரர்கள், ஆலைச் சம்பளக்காரர்கள். இடப்பக்கம் பாயில் காலனிக்காரர்கள். அவர்களை யாரும் பாயில் உட்காரச் சொல்லவில்லை என்பார்கள் எங்கள் பக்கத்தில். உண்மைதான். சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

தை அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை. பூசணி, கடலை, சோளக்கதிர், சின்ன வெங்காயம், கோழி, முறுக்கு, அதிரசம் என்று பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் வாசலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பச்சையாக வந்தது யார் வீட்டிலிருந்து வந்திருந்தாலும் ஏலம் போகும். காலனியிலிருந்து வந்த முறுக்கு மட்டும் கேட்பாரில்லாமல் நிற்கும். கடைசியில் காலனிக்காரர்களே அதை எடுத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஏலத்தைப் பார்த்திருக்கிறேன். முறுக்கைக் கவனித்ததில்லை.

வாலிபர் சங்கச் செயலாளன் என்ற முறையில் என் திட்டத்தைப் போதகரிடம் சொன்னேன். இந்த வருடம் ஏலம் வேண்டாம். வந்ததையெல்லாம் சமைத்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்ப்போம். ஒரு பருக்கைகூட யார் வீட்டுக்கும் போகக்கூடாது. போதகர் புதிதாக வந்தவர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "நல்லாத்தான் இருக்கு தம்பி. கமிட்டில ஒரு வார்த்த பேசிக்குங்க" என்றார்.

கமிட்டி என்றால் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள்.

"யாருப்பா சமைக்கிறது? டவுன்ல ஆளு சொல்லிரலாமா?"

"வேண்டாம் சார். கொண்டுவர்றவங்களே சமைக்கணும். அதுலதான் அர்த்தம் இருக்கு."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "அர்த்தம் இருக்குல்ல? அப்ப செய். உன் ஆசைய நான் ஏன் கெடுக்கணும்?" அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோவிலைப் பெருக்கி மணியடிக்கும் அக்காவிடம்தான் முழுவதையும் விளக்கிச் சொன்னேன், கையில் நோட்டோடு. அவர் காலனிக்காரர், கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அப்ப ஏலம் கெடையாதுங்களா?"

"கெடையாதுக்கா. ஆக்கி, எல்லாரும் சாப்பிடறோம்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான்."

"காலைல சாப்ட்டு வந்தீங்களா தம்பி? இல்ல, பசி மயக்கத்துல பேசறீங்களா?" என்று சிரித்துவிட்டு, குனிந்து பெருக்க ஆரம்பித்தார்.

ஒரு வாரம் கழித்து அவரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றே பேசினார்.

"எங்கிட்ட ஒரு கெடா இருக்கு. தலையீத்து. பண்டிகைக்கு அதக் குடுக்குறேன். ஆனா நாந்தான் ஆக்குவேன். வேற யாரும் கரண்டி தொடக்கூடாது."

"அக்கா, அது ஒண்ணுதான இருக்கு ஒங்ககிட்ட?"

"இருவது வருஷமா இந்தக் கோவிலக் கூட்டுறேன் தம்பி. பெஞ்சு, பீடம், ஐயா நிக்கிற எடம், எல்லாம் எங்கை பட்டுத்தான் சுத்தமாவுது. எங்கையால ஒரு டம்ளர் தண்ணி யாரும் வாங்கிக் குடிச்சதில்ல. அவங்களும் கேட்டதில்ல, நானும் குடுத்ததில்ல. ஒரே ஒரு தடவ சாப்ட்டுட்டாங்கன்னா போதும். அப்பறம் தெனமுமா வந்து சாப்புடச் சொல்லப் போறேன்?"

மறுநாள் நான் கிடாவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குள் போகவில்லை, கொட்டகையோடு சரி. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது: பலிக்கு வரும் மிருகம் பழுதற்றதாக இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததால், அதன் காலைத் தூக்கிப் பார்த்தேன், வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தேன். இடது காது நுனியில் கிழிந்திருந்தது.

"குட்டில நாய் கடிச்சிருச்சு தம்பி" என்றார் அக்கா. முகம் வாடிவிட்டது. "ஏத்துக்க மாட்டாங்களா?"

வீட்டுக்கு ஓடிவந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். உற்சாகபலி, அதாவது மனமுவந்து தாமாகக் கொடுப்பது என்றால், அங்கம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் கொடுக்கலாம் என்று ஒரு விலக்கு இருந்தது. சைக்கிளை மிதித்துப் போய்ச் சொன்னேன், ஏதோ பெரிய உபகாரம் செய்தவன்போல. "செல்லுமாம்க்கா!" அக்கா கிடாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். யாருடைய பழுதை அங்கே யார் சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பண்டிகை அன்று ஆராதனையில் ஐந்து நிமிடம் பேசக் கொடுத்தார்கள். பதுக்க முடியாத விருந்து என்று ஆரம்பித்து, இஸ்ரவேலர் கூடாரங்களில் தங்கிக் கொண்டாடியதுவரை ஒரே மூச்சில் ஓட்டினேன். "ஞாபகம் வெச்சுக்குங்க, ஒரு பருக்கைகூட இந்தக் காம்பவுண்டைத் தாண்டக்கூடாது" என்று முடித்தேன். பெஞ்சுப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. பாயில் யாரோ "ஆமென்" என்றார்கள். சன்னல் வழியாகக் கறி வாசனை வந்துகொண்டிருந்தது.

பின்பக்கம் புளியமரத்தடியில் மூன்று அடுப்பு. அக்காவும் அவருடைய நாத்தனாரும் விடியற்காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தார்கள். வலது தொடையைத் தனியாக வறுத்து, மூடிபோட்டு, போதகருக்கென்று எடுத்து வைத்திருந்தார் அக்கா. நான் சொன்னது ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. புதுப் புடவை கட்டியிருந்தார், அதன்மேல் கரி.

இலை போட்டாயிற்று. நான் ஹெட்மாஸ்டரிடம் போனேன். "வாங்க சார், மொதப் பந்தி ஒங்களுதுதான்."

அவர் என் தோளில் கை போட்டார். வகுப்பில் பின்பெஞ்சுவரை கேட்கும் குரல் அவருக்கு. "தம்பி, நீ காட்டுன அதே பக்கத்துல இன்னொண்ணும் போட்டிருக்கே, படிச்சியா? தீட்டோட இருக்கறவன் அந்தப் பலியில கை வைக்கக்கூடாதுன்னு? அத மட்டும் ஏன் பேசாம வுட்டுட்ட?"

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா பத்தடி தள்ளி, கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, என் நோட்டில் அதற்குக் கட்டம் போடாமல் தாண்டி வந்திருந்தேன். அங்கே சொல்லும் தீட்டு பிணத்தைத் தொட்டவனுக்கும் நோயாளிக்கும் வருவது. அதில் முக்கால்வாசி குளித்துப் பொழுது சாய்ந்தால் போய்விடும். பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. இந்தப் பதில் எனக்குச் சாயங்காலம்தான் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். "திருச்சில ஒரு கல்யாணம்." "சுகரு தம்பி, டாக்டர் கறியே ஆவாதுன்னுட்டாரு." "டூட்டி இருக்கு." போதகர் அண்டாக்களுக்கு முன்னால் நின்று ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, இன்னொரு ஊரில் ஆராதனை இருக்கிறது என்றார். அக்கா மூடியைத் திறந்து தொடைக்கறியைக் காட்டினார். "சந்தோசம்மா, கர்த்தர் ஆசீர்வதிப்பாரு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். வாசலில் சமைக்காமல் மிஞ்சியிருந்த பூசணிகளை மட்டும், போகிறவர்கள் ஆளுக்கொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா போகவில்லை. இலையில் உட்கார்ந்தாள். எனக்கு உயிர் வந்தது. அக்கா ஓடிவந்து, நல்ல துண்டாகத் தேடி, அம்மாவின் இலையில் வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை. அம்மா பிசைந்தாள். உருட்டினாள். மறுபடி பிசைந்தாள். கை வாய்க்குப் போகவேயில்லை. கடைசியில் இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

"என்னம்மா?"

"வயிறு சரியில்லடா."

எங்கோ கேட்ட வாக்கியம். இல்லை, நான் சொன்ன வாக்கியம். முந்திரிக் காட்டில், கையில் இலையோடு நின்ற ஒரு மனிதரிடம்.

ரயில்வே கேட்கீப்பர் ஒருவர் மட்டும் எங்கள் பக்கத்திலிருந்து உட்கார்ந்து, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "காரம் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிக் கை கழுவினார். நானும் சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. எனக்கு ருசியே தெரியவில்லை. மற்ற இலைகளில் காலனிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். அக்காவின் அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்: "நம்ம கறிய நாமளே திங்கறதுக்கு இவ்வளவு தூரம் எதுக்கு தூக்கியாரணும்? வூட்லயே தின்னுருக்கலாமே."

பாதி அண்டா மிஞ்சியது. வேலைக்குப் போயிருந்தவர்களுக்கும் வீட்டில் இருந்த கிழடுகளுக்கும் கொண்டுபோகலாம் என்று நாத்தனார் பாத்திரம் எடுத்தார். அக்கா அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"தம்பி சொன்னாருல்ல? ஒரு பருக்க தாண்டக்கூடாது."

"அக்கா, அது நான் எல்லாரும் சாப்பிடுவாங்கன்னு நெனச்சு சொன்னது. எடுத்துட்டுப் போங்க. நான் சொல்றேன்ல."

"அப்ப அவங்க திங்கலன்னா சட்டம் மாறிப்போவுமா? சாமிக்குன்னு வெட்டுனதா இல்லியா?"

"வெட்டுனதுதான், ஆனா..."

"மிச்சத்த என்னா பண்ணணும்னு ஒங்க நோட்டுல இருக்கு?"

எரிக்கவேண்டும் என்று இருந்தது. நான் வாய் தவறி, முந்திரிக் காட்டு ஞாபகத்தில், "பொதைக்கணும்" என்றேன்.

"மம்பட்டி பின்னால இருக்கு. எடுத்தாங்க."

கோவிலுக்குப் பின்னால் வெட்டினேன். எங்கள் மண் சுண்ணாம்பு மண். அரை அடிக்குக் கீழே கல்லாய்ப்போன கிளிஞ்சல்களாக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டி கணீரென்று திரும்பியது. அக்கா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னங் கொஞ்சம் ஆழமா. நாயி நோண்டிரும்" என்றார். பிறகு இரண்டு பெண்களும் அண்டாவைச் சரித்தார்கள். போதகருக்கு எடுத்துவைத்த தொடைக்கறியும் மூடியோடு வந்து உள்ளே விழுந்தது. மூடியை மட்டும் அக்கா குனிந்து எடுத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, அண்டாவைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது. அதன்பிறகு அக்கா என்னிடம் பேசியதெல்லாம், "தள்ளுங்க தம்பி, கூட்டணும்" மட்டும்தான். மறுவருடம் அறுப்பின் பண்டிகையில் பழையபடி ஏலம். நான்தான் வாசலில் நின்று பூசணிக்கு விலை கூவினேன். காலனி முறுக்கைத் தனியாகப் பார்த்தேன், இந்தமுறை கவனித்தே. நானும் அதை ஏலம் கேட்கவில்லை, கூட்டத்தில் அம்மா நின்றாள்.

போன ஆடியில் தோழன் மறுபடி கிடாவெட்டுக்குக் கூப்பிட்டான். போனேன், இலையில் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன். அவனுடைய அப்பா நல்லி எலும்பாகப் பார்த்து வைத்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது தோழனிடம் கேட்டேன்: "அன்னிக்கு லாரிலேருந்து ரெண்டு பேர எறக்குனீங்களே, யாரு என்னன்னு கேக்காமயே ஒக்கார வெச்சீங்கல்ல?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கேக்காமயா? எங்க மாமன் ரோட்டுலயே ஊரு, தெரு, எல்லாம் கேட்டுட்டுத்தான்டா வண்டிய வுட்டு எறக்குனாரு. மொத லாரிய அனுப்பிட்டோம். ரெண்டாவது லாரிதான் நீ பாத்தது."

என் யோசனை பிறந்த இடமே அவ்வளவுதான். நோட்டைத் தூக்கிப்போடலாம் என்று எடுத்தேன். போடவில்லை. நான் தாண்டிவந்த அந்தத் தீட்டுக் கட்டத்தை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன்.

மாவட்டம் மறுபடி பிரியப்போகிறது என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. நேற்று சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். அக்கா பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க வூட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?"

நிமிரவில்லை. "எதுக்கு? அப்படின்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"எங்கயும் போடல. சும்மாதான்."

"கறிகிறியெல்லாம் இல்ல."

"இருக்கறதப் போடுங்க."

கடைசி பெஞ்சுவரை துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்தபடி கேட்டார்: "ஒங்கம்மா?"

நான் பெஞ்சு ஒன்றை நகர்த்தி நேராக வைத்தேன்.

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்று விளக்கை அணைத்தார்.

அம்மா வந்தாலும் வராவிட்டாலும் நான் வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழையபடி எங்கள் வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து தின்ற கதைதான் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். எழுந்துபோய், முதலில் அவள் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும்.